மாமி வெள்ளிக்கிழமைகளில் காய்ச்சிய இலைக்கஞ்சி: பக்குவம் அறிந்தவர்கள் உதவ வேண்டும்

முள்ளியவளைப் புதுக்குடித்தனம் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் வடமராட்சியில் பிறந்து வளர்ந்தவள். கடந்த தை மாதம் திருமணமாகி முள்ளியவளைக்கு வந்தேன். இந்த ஆவணியோடு ஏழு மாதங்கள் ஆகின்றன. கணவர் வயல் செய்கிறார். மாமா அடுத்த வளவில் இருக்கிறார். மாமி இல்லை. 2009 ஆம் ஆண்டு இடப்பெயர்வின்போது, கணவருக்குப் பதினொரு வயதாக இருக்கையில், அவரை இழந்துவிட்டார்கள்.

மாமியைப் பற்றி அதிகம் பேசாத கணவர், வெள்ளிக்கிழமை வந்தால் மட்டும் ஒன்றைச் சொல்வார். அம்மா அன்று பகல் முழுவதும் விரதமிருந்து, மாலையில் முற்றத்து வேப்பமரத்தடியில் உள்ள வைரவர் சூலத்துக்கு விளக்கு வைத்துவிட்டு, பச்சை நிறக் கஞ்சி ஒன்றைக் காய்ச்சுவாராம். முதல் அகப்பையை ஓர் இலையில் சூலத்தடியில் வைத்த பிறகுதான் பிள்ளைகளுக்குக் கிடைக்குமாம். அதைக் கேட்ட நாளிலிருந்து, எப்படியாவது அதே கஞ்சியை இந்த வீட்டு அடுப்பில் காய்ச்சிவிட வேண்டும் என்ற ஆசை எனக்கு வந்துவிட்டது.

இலைக்கஞ்சி எங்கள் பக்கத்திலும் உண்டு. என் அம்மா அரிசியை நன்றாகக் குழைய வைத்து, இலைச் சாறும் தேங்காய்ப்பாலும் விட்டு இறக்குவார். தடிமன், காய்ச்சல் வரும் நாட்களில் காலையில் குடிப்போம். அதையே சென்ற வெள்ளிக்கிழமை செய்து கொடுத்தேன். கணவர் முழுவதையும் குடித்துவிட்டு, நன்றாக இருக்கிறது, ஆனால் அம்மாவுடையதில் கடித்துச் சாப்பிட ஏதோ இருந்தது, நாக்கில் மெல்லிய புளிப்பும் இருந்தது, ஒரு வாசமும் இருந்தது என்று யோசித்து யோசித்துச் சொன்னார். மாமாவிடம் கேட்டேன். அவருக்கு உண்ட நினைவு இருக்கிறதே தவிர, செய்த முறை தெரியவில்லை.

இரண்டாவதாக ஓர் ஐயம். என் தாய்வீட்டில் வெள்ளிக்கிழமைச் சமையலுக்குத் தனிச் சட்டி பானைகள் உண்டு. மச்சம், அதாவது மீன் இறைச்சி, சமைத்த பாத்திரத்தை அன்று தொடவே மாட்டோம். இங்கே நந்திக்கடல் இறாலும் குளத்து மீனும் கிழமையில் ஐந்து நாட்களாவது அடுப்பில் இருக்கும். கணவர் வெள்ளிக்கிழமைகளில் மச்சம் உண்பதில்லை. ஆயினும் தனிச்சட்டி வைத்துக்கொள்ளும் வழக்கம் மாமியோடு போய்விட்டது. அதை மீண்டும் தொடங்குவது நல்லதுதானா, அல்லது அவருக்கும் மாமாவுக்கும் நான் என் ஊர்ப் பழக்கத்தைத் திணிப்பதாகத் தோன்றுமா? வன்னியில் நீண்டகாலம் வாழ்ந்த அக்காமார், அம்மாமார் சொல்லித் தந்தால் மகிழ்வேன்.

தண்ணீரூற்று அம்மா எழுதியது:

பிள்ளை, உங்கள் கணவர் சொன்ன மூன்று அடையாளங்களும் எனக்குப் போதும். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் காய்ச்சுவோம். கடிபட்டது பலாக்கொட்டையும் தேங்காய்ச் சொட்டும்; புளிப்பு தேசிக்காயிலிருந்து (எலுமிச்சை) வந்தது. வாசத்தைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

இருவருக்கு, அரிசி அளக்கும் சுண்டுப் பேணியால் அரைச் சுண்டு சிவப்புப் பச்சையரிசி போதும். வீட்டு நெல்லில் குற்றிய அரிசியின் குறுணல் இருந்தால் அதைவிட நல்லது, ஏனென்றால் கஞ்சி தானாகவே தடிக்கும். ஒரு கைப்பிடி பயற்றை வாசம் வரும்வரை வறுத்து, கோது நீக்கி அரிசியோடு போடுங்கள். தோல் நீக்கிய பலாக்கொட்டை ஏழெட்டை இரண்டாகப் பிளந்து, அவை வேக நேரமெடுக்கும் என்பதால் முதலிலேயே நீரில் போட்டுவிட வேண்டும். பாதித் தேங்காயைத் துருவிப் பால் பிழிந்து, முதற்பாலையும் இரண்டாம் பாலையும் தனித்தனியே வையுங்கள். மற்றப் பாதியில் ஒரு துண்டைச் சிறு சொட்டுகளாக அரிந்துகொள்ளுங்கள். அரிசி வெந்து வரும்போது இரண்டாம் பாலையும் சொட்டுகளையும் உப்பையும் சேர்க்கலாம்.

இலைதான் கஞ்சியின் உயிர். முல்லை, முசுட்டை, மொசுமொசுக்கை, முடக்கொத்தான், கொஞ்சம் தூதுவளை ஆகியவற்றில் கிடைப்பவை எல்லாம் சேர்த்து இரண்டு கை அளவு எடுங்கள். இவற்றில் பெரும்பாலானவை மழைக்குப் பிறகு வேலிகளிலேயே படர்ந்திருக்கும். இந்த ஆவணி வெயிலில் கிணற்றடி ஓரமாகத் தேட வேண்டியிருக்கும். தூதுவளையில் முள் உண்டு, மொசுமொசுக்கையில் சுணை உண்டு. ஆகையால் அரைத்த பிறகு துணியில் இட்டுச் சாறு பிழிந்தே விட வேண்டும். சாற்றை முன்கூட்டியே விட்டு நெடுநேரம் கொதிக்கவிட்டால் பச்சை நிறம் மங்கிவிடும். இறக்குவதற்கு ஐந்து நிமிடங்கள் இருக்கும்போது சாற்றை விட்டு, ஒரு கொதி வந்ததும் மிளகு சீரகப் பொடியையும் முதற்பாலையும் சேர்த்து இறக்கிவிடுங்கள். பலர் உள்ளியும் (பூண்டு) போடுவார்கள். விரத நாளில் நாங்கள் போடுவதில்லை. தேசிப்புளியைச் சட்டியில் விடாதீர்கள், பாலும் திரையும், நிறமும் கெடும். அவரவர் குடிக்கும்போது அவரவர் கஞ்சியில் சில துளிகள் பிழிந்துகொள்வதே முறை.

தேங்காய்ப்பாலைக் குறைக்க வேண்டாம். காரணம் சொல்கிறேன். 2009 இன் அந்த மாதங்களில் அரிசியும் நீரும் உப்பும் மட்டுமே கொண்ட கஞ்சியை வரிசையில் நின்று வாங்கிக் குடித்து உயிர் தப்பியவர்கள் நாங்கள். உங்கள் கணவரும் அதைக் குடித்திருப்பார். கஞ்சி என்ற சொல்லைக் கேட்டாலே அந்த நாட்கள் முன்னே வந்து நிற்கும் வீடுகள் இங்கே பல உண்டு. அவருடைய அம்மாவின் கஞ்சி அதற்கு முந்தியது. அது பால் நிறைந்தது, பயறு நிறைந்தது, சாமிக்குப் படைத்தது. இரண்டும் ஒன்றல்ல என்பதை முதல் வாயிலேயே நாக்கு அறிந்துகொள்ள வேண்டும்.

இனி வாசம். நீங்கள் கண்ணாடிக் குவளையிலோ கோப்பையிலோ கொடுத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அந்தக் காலத்தில் நாங்கள் பனையோலையை மடித்துப் பிளா என்னும் குடிகலம் கோலி அதில்தான் ஊற்றுவோம். சூடான கஞ்சி பச்சை ஓலையில் பட்டதும் எழும் வாசம் வேறெதிலும் வராது. விறகடுப்பில், மண்சட்டியில் காய்ச்சி, பிளாவில் ஊற்றிக் கொடுத்துப் பாருங்கள்.

தனிச்சட்டியைப் பற்றி நீங்கள் தயங்க வேண்டியதே இல்லை. உங்கள் மாமியும் வைத்திருந்திருப்பார். முள்ளியவளையில் அது அந்நியமான வழக்கம் அல்ல. புதுச் சட்டி ஒன்றை வாங்கி, ஒரு நாள் முழுவதும் நீரில் ஊறவிட்டு, பிறகு அரிசி கழுவிய நீரை ஊற்றி மெல்லிய தீயில் இரண்டு மூன்று தடவை கொதிக்கவைத்துப் பழக்குங்கள். ஆனால் அதை வாங்கும்போது கணவரையும் உடன் அழைத்துச் சென்று, அவர் கையால் தட்டிப் பார்த்து எடுக்கச் செய்யுங்கள்.

பரந்தன் வயற்காரர் எழுதியது:

தங்கச்சி, சமையல் முறையை அம்மா சொல்லிவிட்டார். நான் உங்கள் கணவரின் பக்கத்திலிருந்து ஒன்று சொல்கிறேன். எனக்குத் திருமணமாகி 31 ஆண்டுகள். மனைவி விரதமிருக்கும் நாளில் நான் பசியாறிவிட்டுத் திண்ணையில் இருப்பது முறையல்ல என்று முதல் ஆண்டிலேயே என் தாயார் சொன்னார். அன்றிலிருந்து வெள்ளிக்கிழமைகளில் திருவலையில் அமர்ந்து தேங்காய் துருவுவதும் விறகு பிளப்பதும் என் வேலை. அந்த அரை மணி நேரத்தில் நாங்கள் பேசிக்கொண்ட அளவுக்கு வேறெப்போதும் பேசிக்கொண்டதில்லை. எனவே இலை பறிக்க அவரையே அனுப்புங்கள். தாயாரோடு வேலியோரம் நடந்த பிள்ளைக்கு எந்த இலை எங்கே படர்ந்திருந்தது என்பது நினைவிருக்கும்.

காலபோகம் எனும் பெரும்போக நெல் அறுவடைக் காலத்தில் மாலைவரை விரதமிருப்பது வயல் வேலை செய்பவருக்குக் கடினம். அந்தக் கிழமைகளில் அவர் மதியம் மரக்கறிச் சோறு உண்ணட்டும், நீங்கள் இருவருக்காகவும் விரதமிருக்கலாம். அம்மன் கணக்குப் பார்ப்பவள் அல்லள்.

மடு வீதி அக்கா எழுதியது:

நாங்கள் கத்தோலிக்கர். தனிச்சட்டி வழக்கம் எங்களிடம் இல்லை. ஆயினும் தவக்கால வெள்ளிக்கிழமைகளில் எங்கள் வீட்டிலும் இறைச்சி இல்லை. என் மாமி இதே இலைக்கஞ்சியைத்தான் காய்ச்சுவார். அவர் பயறு போடமாட்டார், பதிலாக மரவள்ளிக்கிழங்கைச் சிறு துண்டுகளாக வெட்டிப் போடுவார். பலாக்கொட்டை கிடைக்காத காலத்தில் நீங்களும் அதைச் செய்து பார்க்கலாம்.

திருமணமான ஆண்டில் ஆகஸ்ட் 15 ஆம் திகதித் திருவிழாவுக்காக மடு மாதா கோயிலில், மரங்களின் கீழ் கூடாரமடித்து நாங்கள் இருவரும் சில நாட்கள் தங்கினோம். மூன்று கல்லை வைத்து அடுப்பு மூட்டி நான் முதன்முதலில் தனியாகச் சமைத்தது அங்கேதான். சோறு அடிப்பிடித்துவிட்டது. பக்கத்துக் கூடாரத்தில் இருந்த முதியவர் ஒருவர் குழம்பு கொண்டுவந்து தந்தார். மாலைச் செபமாலைக்கு மணி அடிக்கும்வரை மூவரும் சேர்ந்திருந்து உண்டோம். இன்றைக்கும் என் கணவர் அந்தச் சோற்றைத்தான் பெரிதாகச் சொல்வார். ஆகையால் முதல் தடவை சரிவரவில்லை என்று வருந்தாதீர்கள், தங்கச்சி.

முள்ளியவளைப் புதுக்குடித்தனம் மூன்று வாரங்களுக்குப் பின் எழுதியது:

அம்மாவுக்கும் அண்ணாவுக்கும் அக்காவுக்கும் நன்றி. சட்டியைக் கணவர்தான் தட்டிப் பார்த்து எடுத்தார். பழக்கி முடித்த பிறகு, நேற்று வெள்ளிக்கிழமை, மோட்டார்ச் சைக்கிளில் வற்றாப்பளைக்குப் போய் அம்மனைக் கும்பிட்டு வந்தோம். வைகாசிப் பொங்கலன்று சனக்கூட்டத்தில் சரியாகத் தரிசிக்க முடியாமற்போன குறை, நந்திக்கடற் காற்றில் அமைதியாக நின்று கும்பிட்டபோது தீர்ந்தது. கடல்நீரில் விளக்கெரியும் அற்புதத்தை அந்த நாட்களில் காட்டா விநாயகர் கோயிலில் முதன்முறையாகக் கண்டபோது எனக்குள் ஏற்பட்ட நடுக்கத்தையும் அவரிடம் நேற்றுத்தான் சொன்னேன்.

இலை பறிக்க அவரே போனார். முல்லையும் முசுட்டையும் கிடைத்தன; தூதுவளை கிடைக்கவில்லை. பனையோலை வெட்டி வந்து, பிளா கோலத் தெரியுமா என்று நான் கேட்பதற்கு முன்பே, படியில் அமர்ந்து ஒன்றைக் கோலிவிட்டார். பதினாறு ஆண்டுகளாகத் தொடாத வேலையை அவருடைய விரல்கள் மறக்கவில்லை. முதல் அகப்பையைச் சூலத்தடியில் வைத்தோம். பிறகு அவர் பிளாவை முகத்தருகே பிடித்தபடி வெகுநேரம் குடிக்காமல் இருந்தார். குடித்து முடித்ததும், இதுதான் என்றார்.

மூன்றாவது பிளாவை மாமாவுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் எதுவும் சொல்லவில்லை. சற்று நேரத்தில் வெறும் பிளாவோடு எங்கள் படலையைத் திறந்துகொண்டு வந்து, சட்டியில் இன்னும் இருக்கிறதா பிள்ளை என்று கேட்டார். அடுத்த வெள்ளிக்கு அரைச் சுண்டு போதாது, முக்கால் சுண்டு அரிசி போடப் போகிறேன். அதற்கு இலை எவ்வளவு கூட்ட வேண்டும் என்பதை மட்டும் தண்ணீரூற்று அம்மா சொல்லிவிடுங்கள்.