புதுப்பிப்பு: அக்கா தோட்டத்து ரயில் பூச்சி

போன வாரம் ஒரு படம் போட்டு, பிரான்சில் அக்கா வீட்டு ஸ்ட்ராபெர்ரிக்குள் சுருண்டு கிடந்த வெளிறிய பூச்சி என்னவென்று கேட்டிருந்தேன். பாதிப் பேர் பூரான் என்றீர்கள். இல்லை. வளையத்துக்கு இரண்டு ஜோடிக் கால். இங்கே முத்தியால்பேட்டையில் மழை பெய்தால் எங்கள் கொல்லைச் சுவரில் ஏறும் ரயில் பூச்சிக்குச் சொந்தம்தான்.

நேற்று அக்கா போனில் லென்ஸ் மாட்டி மறுபடி எடுத்து அனுப்பினார். ஒன்றரை சென்டிமீட்டர்கூட இல்லை, நூல் மாதிரி ஒல்லி. இரு பக்கமும் குங்குமப் பொட்டு வைத்தாற்போல் வரிசையாகச் சிவப்புப் புள்ளிகள். அத்தனையும் தற்காப்புத் திரவம் சுரக்கும் சுரப்பிகள், தோல் வழியாகத் தெரிகின்றன! அப்புறம், தலையில் கண்ணே இல்லை. அதனால் நான் முதலில் சந்தேகப்பட்ட புரோட்டரோயூலஸ் ஃபஸ்கஸ் என்ற ரயில் பூச்சி இனம் கழிந்தது, அதற்குக் கண் உண்டு. என் கணிப்பு பிளானியூலஸ் குட்டுலேட்டஸ்.

கணிப்புதான். அதே பிளானியூலிடே குடும்பத்து போரியோயூலஸ் டெனுவிஸுக்கும் கண் கிடையாது, பொட்டும் உண்டு. ஆண் பூச்சியின் ஏழாவது வளையத்தில் காலுக்குப் பதிலாக இருக்கும் இனப்பெருக்க உறுப்பைப் பார்த்தால்தான் முடிவு சொல்லலாம். அக்காவிடம் கேட்டேன். “இதுல ஆம்பள எது பொம்பள எதுன்னு நான் தேடணுமாடா?” என்று போனை வைத்துவிட்டார்.