லியன்ஹுவா மலைப் பாடல்களின் முழுப் பதிவுகள் தேவை

அன்பு நண்பர்களுக்கு வணக்கம். வடமேற்குச் சீனாவின் கான்சு, சிங்ஹாய், நிங்ஷியா பகுதிகளில் ஹான், ஹுய், திபெத்தியர், சலார் முதலிய பல இனத்தாரும் பாடுகின்ற, 2009-இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம்பெற்ற ‘ஹுவார்’ என்னும் நாட்டுப்பாடலைப் பற்றித் தமிழில் ஒரு கட்டுரை எழுதி வருகிறேன். கான்சுவின் லியன்ஹுவா மலையில் சீன நாட்காட்டியின் ஆறாம் மாதத்தில் கூடும் பாட்டு விழாவில், குழுக்கள் எதிரெதிரே நின்று பாடுவதும், சொல்லெடுத்துக் கொடுப்பவர் அந்தக் கணத்திலேயே அடிகளைக் கட்டிப் பாடகர்களின் காதில் ஓதுவதும்தான் இக்கலையின் உயிர் என்று கருதுகிறேன். எனக்குக் கிடைப்பவையோ மேடைக்காகச் செப்பனிடப்பட்ட பாடல்கள் மட்டுமே. அந்த எதிரெதிர்ப் பாட்டை முழுமையாகக் கேட்காமல் அதைப் பற்றி எழுத மனம் ஒப்பவில்லை. ஆகவே, மலையிலேயே எடுக்கப்பட்ட, வெட்டப்படாத ஒலிப்பதிவுகள் கிடைக்கும் இடத்தை அறிந்தவர்களும், அப்பகுதியின் பேச்சுவழக்கு தெரிந்து வரிகளுக்குப் பொருள் சொல்லக்கூடியவர்களும் தயவுசெய்து இங்கே தெரிவியுங்கள்.