மறுமொழி: மருத்துவப் படிப்பில் ‘பிளாக்’ என்பதற்குத் தமிழ்ச்சொல் – ‘பாடப்பாத்தி’ எப்படி?

அன்புள்ள குழும நண்பர்களுக்கு,

வணக்கம். இழையைத் தொடங்கிய நண்பர் மருத்துவப் படிப்பில் வரும் மூன்று சொற்களுக்குத் தமிழ் கேட்டிருந்தார்: ப்ரீகிளினிக்கல் (நோயாளியிடம் போவதற்கு முன் படிக்கும் பகுதி), பிளாக் (சில வாரம் ஒரே பொருளை மட்டும் நடத்தும் முறை), இன்டெக்ரேஷன் (துறைப் பாடங்களை ஒன்றோடொன்று இணைப்பது). பதில்கள் நிறைய வந்திருக்கின்றன. முதலாண்டு மாணவர்களுக்கு உடலியங்கியல் நடத்தும் ஆசிரியர் என்ற முறையில் நானும் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். இந்தச் சொற்கள் எல்லாமே ஒரு கால அட்டவணைக்குள் இருந்து வந்தவை. எந்த வாரம் யார் எதை நடத்துகிறார்கள் என்று பார்க்காமல் அகராதியை மட்டும் புரட்டினால் ‘கட்டை’, ‘தடை’, ‘தொகுதி’ என்றுதான் கிடைக்கும்.

> பிளாக் என்பது மாட்யூலுக்கு இன்னொரு பெயர்தானே ஐயா? ‘தொகுதி’ என்றே வைத்துக்கொள்ளலாமே.

இரண்டும் ஒன்றல்ல. நம் கல்லூரிகளில் முதலாண்டு மாணவரின் ஒரு நாளைப் பாருங்கள். காலையில் வகுப்பு முடிந்ததும் டிஸெக்‌ஷன் ஹால், அதாவது இறந்த உடலை அறுத்துப் படிக்கும் கூடம். ஃபார்மலின் கண்ணைக் கரிக்க, ஒரு டேபிளைச் சுற்றி நின்று அக்குளில் கொழுப்பை விலக்கி விலக்கி நரம்புப் பின்னலின் கிளைகளைத் தேடிக்கொண்டிருப்பார்கள். பிற்பகலில் உடலியங்கியல் ஆய்வகத்துக்கு வருவார்கள். விரல் நுனியைக் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தைப் பிப்பெட்டில் ஏற்றி, நியூபாவர் கண்ணாடியின் சின்னச் சின்னக் கட்டங்களில் சிவப்பணுக்களை எண்ணுவார்கள். மறுநாள் உயிர்வேதியியலில் சர்க்கரைகளின் வகைப்பாடு நடக்கும். ஒரே வாரத்தில் கை, ரத்தம், சர்க்கரை! ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லை. துறை மூன்று, தேர்வும் மூன்று.

சரி, இதயம் எப்போது வரும்? உடற்கூறியலில் நெஞ்சறையைத் திறக்கும்போது வரும். உடலியங்கியலில் ரத்தமும் நரம்பு–தசையும் முடிந்த பிறகு வரும். அதன் ரத்தக்குழாயை அடைக்கிற கொழுப்பு, உயிர்வேதியியலில் அந்தப் பாடத்தின் முறை வரும்போது வரும். மாணவர் இதயத்தைக் கையில் எடுத்துப் பார்க்கும் மாதம் ஒன்று. அதன் மின்துடிப்பு ஈ.சி.ஜி. தாளில் எப்படி விழுகிறது என்று படிக்கும் மாதம் வேறொன்று. இரண்டாவதைப் படிக்கும்போது முதலாவது பாதி மறந்திருக்கும். ஆண்டுதோறும் இதைக் கண்ணால் பார்க்கிறேன். புத்திசாலிப் பிள்ளைகளுக்கும் இதே கதைதான்.

பிளாக் முறையில் பாடத்தை வெட்டும் திசையே வேறு. ஐந்தாறு வாரம் இதயமும் ரத்தக்குழாய்களும் மட்டும்தான். அதன் அமைப்பு, இயக்கம், வேதியியல், அதற்கு வரும் நோய், அதற்கான மருந்து எல்லாம் அந்த வாரங்களுக்குள் வந்துவிடும். முடிவில் ஒரு தேர்வு. அப்புறம் நுரையீரல். இதயம் நடக்கும்போது சிறுநீரகத்தைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள்.

இதன் வரலாற்றையும் சொல்லிவிடுகிறேன், சொல்லாக்கத்துக்கு உதவும். 1910-இல் அமெரிக்கக் கல்வியாளர் ஆபிரகாம் ஃபிளெக்ஸ்னர் அமெரிக்காவிலும் கனடாவிலும் இருந்த 155 மருத்துவப் பள்ளிகளைப் பற்றி எழுதிய அறிக்கைதான் ‘இரண்டாண்டு ஆய்வக அறிவியல், அதன்பின் இரண்டாண்டு மருத்துவமனை’ என்ற பிரிவினையை அங்கே நிலைநிறுத்தியது. அந்த முதல் இரண்டாண்டில் ஒவ்வொரு துறையும் தன் பாடத்தைத் தனித்தனியாகவே நடத்தியது. அதை உடைத்தது அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் இருந்த வெஸ்டர்ன் ரிசர்வ் பல்கலைக்கழகம் (இன்றைய கேஸ் வெஸ்டர்ன் ரிசர்வ்), 1952-இல். அங்கே பாடத்தைத் துறைகளின் கையிலிருந்து எடுத்து, உறுப்பு மண்டலம் ஒவ்வொன்றுக்கும் பல துறை ஆசிரியர்கள் கூடிய ஒரு குழுவிடம் கொடுத்தார்கள். மாணவர்கள் துறைக்குத் துறை ஆய்வகம் மாறி ஓடவில்லை. ஒரே ஆய்வகத்தில் அவரவர் மேசையில் இருந்தார்கள். ஆசிரியர்கள்தான் அங்கே போனார்கள். என்னைக் கேட்டால் அந்த ஏற்பாட்டின் உயிரே இதில்தான் இருக்கிறது. மாணவர் நடுவில் இருக்கிறார், துறைகள் முறைபோட்டு அவரிடம் வருகின்றன.

ஆக, நமக்கு வேண்டிய சொல்லில் இரண்டு பொருள் தொனிக்க வேண்டும். ஒன்று, வரம்பு கட்டிய காலம். இன்னொன்று, அந்தக் காலம் முழுக்க எல்லாத் துறையின் கவனமும் ஒரே இடத்தில் பாய்வது. மாட்யூல் என்பது பாடப்பொருளின் ஓர் அலகு. மூன்று மாட்யூல்கள் ஒரே வாரத்தில் பக்கத்தில் பக்கத்தில் ஓடலாம். பிளாக் அப்படி ஓடாது. மாட்யூலுக்கு ‘பாட அலகு’ என்று ஏற்கெனவே எழுதுகிறோம், அதுவே இருக்கட்டும்.

பிளாக்குக்கு நான் முன்வைக்கும் சொல் ‘பாத்தி’. முழுதாகச் சொன்னால் ‘பாடப்பாத்தி’.

தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சிப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். வாய்க்காலில் வருகிற தண்ணீரை எல்லாப் பாத்திக்கும் ஒரே நேரத்தில் திறந்துவிட்டால் எதுவும் நனையாது. ஒரு பாத்திக்கு மடையைத் திறந்து, அது நிறைந்ததும் மண்ணை வெட்டிப் போட்டு அடைத்துவிட்டு, அடுத்ததைத் திறப்பார்கள். பிளாக் அட்டவணை நடப்பது இப்படித்தான். வரப்பு இருக்கிறது, வரிசை இருக்கிறது, ஒரு நேரத்தில் ஒன்று என்ற ஒழுங்கும் இருக்கிறது.

> பாத்தி வயல்காட்டுச் சொல். மருத்துவக் கல்லூரி ஆவணத்தில் எழுதினால் சிரிப்பார்கள்.

அம்மா, உங்கள் தயக்கம் புரிகிறது. ஆனால் இது வெறும் வயல்காட்டுச் சொல் இல்லை. தூத்துக்குடியில் உப்பளத்துக்குப் போனாலும் உப்புப் பாத்தி என்றுதான் சொல்கிறார்கள். வரம்பு கட்டி, ஒன்றைத் தேக்கி, விளையும்வரை வைத்திருக்கும் இடம் எதுவும் பாத்திதான். மருத்துவத்தில் நாம் தினமும் சொல்லும் ‘நாளம்’ என்ன? அதுவும் பூவின் தண்டிலிருந்து வந்த சொல்தான். இன்று ரத்தநாளம் என்று படிக்கிற யாரும் சிரிப்பதில்லை. பழகினால் சரியாகிவிடும்.

வந்த மற்ற சொற்களில் ‘தொகுதி’யை நான் வேண்டாம் என்பதற்குக் காரணம் உண்டு. தமிழ்நாட்டுப் பாடநூலில் செரிமான மண்டலம் என்பதை இலங்கையில் சமிபாட்டுத் தொகுதி என்கிறார்கள். அங்கே உறுப்பு மண்டலமே தொகுதிதான். அப்படியிருக்க, பிளாக்குக்கும் தொகுதி என்று வைத்தால் ‘சமிபாட்டுத் தொகுதித் தொகுதி’ என்று எழுத வேண்டிவரும். ‘சமிபாட்டுத் தொகுதிப் பாடப்பாத்தி’, ‘செரிமான மண்டலப் பாடப்பாத்தி’ என இரு நாட்டு வழக்கிலும் பாத்தி இடறாமல் உட்காருகிறது. ‘கட்டம்’ நல்ல சொல்தான், ஆனால் படிப்பின் பெரும் பிரிவான பேஸ் (phase) என்பதற்கு அது தேவைப்படுகிறது. பிளாக் என்ற ஒலியைத் தமிழெழுத்தில் அப்படியே வைத்துக்கொள்வதில் எனக்குக் கொள்கை எதிர்ப்பு இல்லை. மருத்துவத்தில் அதற்கு ஏற்கெனவே வேறு வேலைகள் இருப்பதுதான் சிக்கல்: ஹார்ட் பிளாக் (இதயத்தின் மின்துடிப்பு தடைபடும் நோய்), நெர்வ் பிளாக் (நரம்பை மரத்துப்போகச் செய்வது), நோய்க்குறியியலில் மெழுகில் புதைத்த திசு பிளாக். ‘ஹார்ட் பிளாக் ஆறு வாரம்’ என்று அறிவிப்புப் பலகையில் எழுதினால் மாணவர்கள் எதை நினைப்பார்கள்?

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். இந்தியாவில் எம்.பி.பி.எஸ். படிப்புக்கு 2019-இல் வந்த திறன்வழிப் பாடத்திட்டத்தை விளக்கும்போது ‘பாடப்பாத்தி’யைப் பயன்படுத்தக் கூடாது. அது பிளாக் முறை இல்லை. மூன்று துறைகளும் தனித்தனியாகவே நடத்தும். ஆனால் உடற்கூறியலில் இதயம் நடக்கும் அதே வாரத்தை ஒட்டி மற்ற இரண்டிலும் இதயம் வருமாறு அட்டவணையை நெருக்கி அமைக்கச் சொல்கிறது. டெம்போரல் கோஆர்டினேஷன் என்கிறார்களே, அது. அதற்குக் ‘காலப்பொருத்தம்’ என்று வைக்கலாம். மருத்துவக் கல்வி அறிஞர் ரொனால்ட் ஹார்டன் 2000-ஆம் ஆண்டில் எழுதிய ஒருங்கிணைப்பு ஏணியில் 11 படிகள் உண்டு. துறைகள் ஒன்றையொன்று எட்டிப்பார்க்காத நிலை அடிப்படி, துறை எல்லையே கரைந்துபோன நிலை மேல்படி. காலப்பொருத்தம் நடுவில் வருகிறது. காலப்பொருத்தத்தையும் பாத்தியையும் ஒரே சொல்லால் சொல்லிவிட்டால், ஒரு கல்லூரி எந்தப் படியில் நிற்கிறது என்று தமிழில் பேசவே முடியாமல் போய்விடும். சொல் தெளிவாக இருக்க வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிப்பது இதற்காகத்தான்.

இனி ப்ரீகிளினிக்கல்.

> ‘நோயாளிமுன் கல்வி’ என்பது சுருக்கமாக இருக்கிறதே?

சுருக்கம்தான், ஆனால் ‘முன்’ நம்மைக் கவிழ்த்துவிடும். தமிழில் முன் என்றால் காலத்தால் முந்தியது. எதிரில் என்றும் பொருள். ‘அவர்முன் நின்றான்’ என்கிறோம் இல்லையா? ‘நோயாளிமுன் கல்வி’ என்றால் நோயாளியின் எதிரில் நின்று கற்பது என்றுதான் முதலில் படும். அது கிளினிக்கல், நேர் எதிர்! ‘முன்மருத்துவம்’ என்றால் மருத்துவப் படிப்பில் சேர்வதற்கு முன் படிக்கும் ப்ரீமெடிக்கலோடு குழம்பும்.

இதைவிடப் பெரிய சிக்கல், ப்ரீகிளினிக்கல் என்பது நாட்டுக்கு நாடு வேறு என்பது. ஹார்வர்டு 2015-இல் அதை 14 மாதமாகச் சுருக்கியது. நம் நாட்டில் 18 மாதமாக இருந்ததை இந்திய மருத்துவக் கழகத்தின் 1997 விதிமுறை 12 மாதமாக்கியது. 2019 விதிமுறை, கல்லூரியில் சேர்ந்தவுடன் தரும் அடித்தளப் பயிற்சி ஒரு மாதத்தையும் சேர்த்து 14 மாதம் என்றது. எண் ஒன்றுதான், உள்ளே இருப்பது வேறு. அவர்களுடைய 14 மாதத்துக்குள் நோய்க்குறியியல், மருந்தியல், நுண்ணுயிரியல் எல்லாம் அடங்கும். நம்முடைய அந்த 14 மாதத்தில் உடற்கூறியல், உடலியங்கியல், உயிர்வேதியியல் மட்டும்தான் இருந்தன. மற்றவற்றுக்குப் பாராகிளினிக்கல் என்று தனிப்பெயரே வைத்திருக்கிறோம். ஆக்ஸ்ஃபோர்டிலும் கேம்பிரிட்ஜிலும் பட்டத்தோடு சேர்த்து மூன்றாண்டு நடக்கிறது.

‘நோயாளியைப் பார்ப்பதற்கு முன்’ என்ற பொருளே இப்போது தேய்ந்துவருகிறது. வெஸ்டர்ன் ரிசர்வில் அந்த 1950-களிலேயே முதலாண்டு மாணவரிடம் ஒரு கர்ப்பிணியின் குடும்பத்தை ஒப்படைத்தார்கள். நம் 2019 விதிமுறையும் முதல் கட்டத்திலேயே நோயாளர் அறிமுகத்துக்கு 90 மணி நேரம் ஒதுக்கியது, துறைக்கு 30 வீதம். ஆகவே எதற்கு முந்தியது என்பதை விட்டுவிட்டு, எதைக் கற்பிக்கிறது என்பதை வைத்து ‘அடிப்படை மருத்துவக் கட்டம்’ என்று சொல்லலாம். இந்தியச் சூழலில் பாராகிளினிக்கலுக்கு ‘இடைக்கட்டம்’, கிளினிக்கலுக்கு ‘நோயாளர் கட்டம்’. ‘அடித்தளக் கட்டம்’ வேண்டாம். தொடக்கத்தில் வரும் அடித்தளப் பயிற்சியோடு மோதும். மருந்து ஆய்வில் வரும் ப்ரீகிளினிக்கல் வேறு பொருள், நோய் அறிகுறி தோன்றும் முன்னான ப்ரீகிளினிக்கல் இன்னொரு பொருள். மூன்றுக்கும் ஒரே சொல் தேடி அலைய வேண்டியதில்லை.

இன்டெக்ரேஷன் என்பதற்கு ‘ஒருங்கிணைப்பு’ நிலைத்துவிட்டது. ஹாரிசான்டல், வெர்டிக்கல் என்ற அடைகளுக்கு மட்டும் ‘கிடைமட்ட’, ‘செங்குத்து’ என்பதைவிடக் ‘குறுக்கு’, ‘நெடுக்கு’ பிடித்திருக்கிறது. ஒரே ஆண்டில் நடக்கும் துறைகளைச் சேர்ப்பது குறுக்கிணைப்பு. முதலாண்டுப் பாடத்தைப் பின்னால் வரும் வார்டுப் பாடத்தோடு சேர்ப்பது நெடுக்கிணைப்பு. வகுப்பில் சொல்லிப் பார்த்தேன், மாணவர்கள் கேட்டவுடன் பிடித்துக்கொண்டார்கள்.

யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் 1860-களில் ஆங்கில மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தபோது உடற்கூறியலுக்கு ‘அங்காதிபாதம்’, உடலியங்கியலுக்குச் ‘சுகரணம்’ என்று வைத்ததை ஈழத்து நண்பர் நினைவூட்டியிருந்தார். நன்றி ஐயா. அந்தச் சொற்கள் இன்று வழக்கில் இல்லை. ஆனால் அவர் பாடம் நடத்திக்கொண்டே சொல் செய்தார், அதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. இலங்கையில் இன்று உடலியங்கியலை உடற்றொழிலியல் என்கிறார்கள். அதையும் இணைச்சொல்லாகப் பட்டியலில் சேர்த்துவிடலாம்.

நண்பர் கடைசியாகக் கேட்டது: பாத்தி முடிந்தபின் அந்தப் பாடம் திரும்ப வருமா, அதற்கு என்ன சொல்? வர வேண்டும். பிளாக் முறையின் பலவீனமே அங்கேதான். செப்டம்பரில் முடித்த இதயம் மார்ச்சில் மங்கிவிடும். அதனால்தான் பின்னால் வரும் பாத்திகளில் அதே பொருளை இன்னும் ஆழமாகத் தொடும் ஸ்பைரல் முறையைச் சேர்க்கிறார்கள். சிறுநீரகப் பாத்தியில் ரத்த அழுத்தம் வரும்போது இதயம் மறுபடி வரும். முறைக்குச் ‘சுருள் பாடத்திட்டம்’ என்று சொல்லலாம். அப்படி ஒருமுறை திரும்பத் தொடுவதற்கு ‘மறுபாய்ச்சல்’. பாத்தியை ஏற்றால்தான் மறுபாய்ச்சல் பொருந்தும், இல்லையென்றால் ‘மீள்தொடுகை’ என்று வைத்துக்கொள்ளலாம்.

நோய்க்குறியியல், மருந்தியல் துறையினர் யாராவது குழுமத்தில் இருந்தால் ‘இடைக்கட்டம்’ பற்றி உங்கள் கருத்தை எழுதுங்கள். உங்கள் துறைக்கான பெயர், உங்களுக்கு ஒப்பாமல் வைப்பது முறையல்ல. மற்றவற்றுக்கு இந்த வாரக் கடைசிவரை மறுப்பு வராவிட்டால் விக்சனரியில் ஏற்றிவிடலாம்.

அன்புடன்,
முதலாண்டு ஆசிரியர் ஒருவர்