பதிலாள் தண்டனை எப்படி நீதியாகும்? விளக்கம் தேவை

இயேசுவின் சிலுவை மரணம் மனிதரின் பாவத்தை நீக்குகிறது என்னும் கிறிஸ்தவத்தின் பாவநிவாரணக் கோட்பாட்டைப் படித்து வருகையில், குற்றமற்றவர் பிறருக்காகத் தண்டிக்கப்படுவதை நீதி என்று எப்படிச் சொல்வது என்ற கேள்வியைத் தாண்ட முடியாமல் நிற்கிறேன். 16ஆம் நூற்றாண்டில் சீர்திருத்த இறையியலாளர் கால்வின் முதலியோர் விரித்துரைத்த, நம் பாவத்துக்கான தண்டனையை இயேசு நம் இடத்தில் ஏற்றார் என்னும் பதிலாள் தண்டனைக் கொள்கையில்தான் எனக்குச் சிக்கல். கிறிஸ்தவர்கள் இயேசுவைக் குறிப்பதாகக் கொள்ளும் ஏசாயா 53, நம் அக்கிரமம் அவர்மேல் சுமத்தப்பட்டது என்கிறது. ஆனால் தகப்பனின் அக்கிரமத்தை மகன் சுமப்பதில்லை என்கிறது எசேக்கியேல் 18:20.

முதலில் இடைக்கால இறையியலாளர் அன்செல்மைப் படித்தேன். கடவுளின் மாண்புக்கு ஏற்பட்ட குறையை ஈடுசெய்வது தண்டனைக்கு மாற்று என்பதே அவர் வாதம் என்பதால், தண்டனை கைமாறுவதைப் பற்றி அங்கே விடையில்லை. இன்னொரு இடைக்கால இறையியலாளரான அபெலார்ட் சிலுவையை நம்மில் அன்பை எழுப்பும் செயலாகக் காண்கிறார். அழகான கருத்துதான், ஆனால் அந்த மரணம் ஏன் அவசியமானது என்பதை அது விளக்கவில்லை. பிலேமோனின் அடிமையான ஒநேசிமுவின் கடனைத் தன் கணக்கில் வைக்கும்படி பவுல் பிலேமோனுக்கு எழுதியதைச் சிலர் காட்டினார்கள். பணக்கடனை யாரும் அடைக்கலாம். ஒழுக்கக் குற்றம் அப்படிக் கைமாறாது என்று 1793இலேயே மெய்யியலாளர் கான்ட் மறுத்துவிட்டார். கொலை செய்த மகனுக்காகத் தாய் மனமுவந்து முன்வந்தாலும் எந்த நீதிபதியும் அவளைத் தூக்கிலிட மாட்டார். இயேசுவும் பிதாவும் ஒரே கடவுள் என்ற பதில், பிதா கொடூரமானவர் என்ற குற்றச்சாட்டை நீக்குகிறதே தவிர, இந்தச் சிக்கலைத் தீர்க்கவில்லை.

பதிலாள் தண்டனைக் கொள்கையைக் கைவிடாமலேயே, ஒருவரின் குற்றப்பொறுப்பு இன்னொருவருக்கு நியாயமாக மாறும் வழியை விளக்கிய இறையியலாளர் அல்லது மெய்யியலாளர் யார்?