அதிகாலை ஒலிபெருக்கி: கோயில், பள்ளிவாசல், ஜெபக்கூடம் மூன்றும் உள்ள தெருவில் மனு கொடுப்பது எப்படி?

தெருமுனை:
மாநகராட்சிக்குள் உள்ள குடியிருப்புப் பகுதி. 200 மீட்டருக்குள் அம்மன் கோயில், பள்ளிவாசல், ஜெபக்கூடம் மூன்றும் இருக்கின்றன. கோயிலில் மார்கழி முழுக்கக் காலை 4.30க்குப் பாட்டு, பள்ளிவாசலில் சுபுஹு பாங்கு (விடியற்காலைத் தொழுகை அழைப்பு), ஜெபக்கூடத்தில் மாதம் ஒருமுறை முழு இரவு ஜெபம். எல்லாமே கூம்பு ஸ்பீக்கர். குடியிருப்போர் நலச்சங்கத்தின் பெயரில் மனு கொடுக்கப் போகிறோம். சில சந்தேகங்கள்: திருவிழாவுக்கு 15 நாள் விலக்கு என்கிறார்களே, மார்கழி அதில் வருமா? கமிட்டியிடம் போலீஸ் அனுமதிக் கடிதம் இருந்தால் மனு நிற்குமா? செல்போன் ஆப்பில் எடுத்த டெசிபல் அளவு சாட்சியாகுமா? எல்லாவற்றையும் விட, மதச் சண்டையாக மாறாமல் இதை எப்படிச் செய்வது?

வாய்தா:
சார், ஒலி மாசு விதிகள் 2000-ஐ ஒருமுறை முழுதாகப் படித்துவிடுங்கள். நாலைந்து பக்கம்தான். எந்த இடத்திலும் மதத்தின் பெயர் வராது. "இரவு" என்பது 10 மணி முதல் காலை 6 வரை. அந்த நேரத்தில் திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. 2010 திருத்தத்தில் இசைக்கருவி, ஒலி எழுப்பும் கருவி எல்லாவற்றையும் சேர்த்துவிட்டார்கள். மூடிய அரங்குக்குள்ளே, உள்ளே இருப்பவர்களுக்காக மட்டும் என்றால் விலக்கு. பொது அவசரநிலைக்கும் விலக்கு.

15 நாள் விஷயத்தில் பலரும் தடுக்கி விழுவார்கள். விதி 5(3) தரும் சலுகை இரவு 10 முதல் 12 வரைக்கும்தான், ஆண்டுக்கு மொத்தம் 15 நாள். எந்தெந்த நாள் என்று அரசு முன்கூட்டியே அறிவித்திருக்க வேண்டும். அதிகாலை 4.30க்கு அந்தச் சலுகையே கிடையாது. மார்கழிக்கும் இல்லை, ரமலான் சஹருக்கும் (நோன்புக்கு முந்தைய அதிகாலை உணவு நேரம்) இல்லை. கிறிஸ்துமஸ் நள்ளிரவு ஆராதனை 12ஐத் தாண்டினால் அதற்கும் இல்லை.

அனுமதிக் கடிதம்: விதி 5(1)படி பகலில் வைக்கவே எழுத்துமூல அனுமதி வேண்டும். ஆனால் விதி தடுத்த நேரத்துக்கு இன்ஸ்பெக்டர் அனுமதி எழுதிக் கொடுக்க முடியாது. கடிதத்தை வாங்கிப் பாருங்கள், பெரும்பாலும் "காலை 6 முதல் இரவு 10 வரை, பெட்டி வடிவ ஒலிபெருக்கி மட்டும்" என்றுதான் நிபந்தனை இருக்கும். கமிட்டி காட்டும் கடிதமே உங்களுக்குச் சாட்சி!

வழக்குகளில் நம்மூர் சங்கதி ஒன்று. மாதவரம் நெடுஞ்சாலையில் இருந்த ஒரு பெந்தெகொஸ்தே சபைக்கும் மெஜஸ்டிக் காலனி நலச்சங்கத்துக்கும் நடந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. அடுத்தவர் அமைதியைக் கெடுத்து வழிபட வேண்டும் என்று எந்த மதமும் சொல்லவில்லை என்று 2000 ஆகஸ்ட் 30 அன்று தீர்ப்பு வந்தது. அரசியல் சாசனப் பிரிவு 25 வழிபாட்டு உரிமையைக் கொடுக்கும்போதே "பொது ஒழுங்கு, ஒழுக்கம், சுகாதாரம் ஆகியவற்றுக்கு உட்பட்டு" என்று தொடங்குகிறது என்பதையும் மறக்க வேண்டாம். அலகாபாத் உயர் நீதிமன்றம் 2020 மே மாதம் சொன்னதும் இதையொட்டித்தான்: பாங்கு சொல்வது மதத்தின் பகுதி, மைக் மதத்தின் பகுதியாகாது, மனிதக் குரலில் சொல்லத் தடையில்லை.

அச்சுவெல்லம்:
அதே வேகத்தில் 2023 நவம்பரில் குஜராத் உயர் நீதிமன்றம் சொன்னதையும் சேர்த்துச் சொல்லுங்கள் வாய்தா அண்ணே. பாங்குக்கு ஒலிபெருக்கியைத் தடை செய்யக் கேட்ட பொதுநல மனுவைத் தள்ளுபடி செய்தார்கள். பத்து நிமிஷத்துக்கும் குறைவான பாங்கு எப்படி ஒலி மாசாகும், அதிகாலை ஆரத்தியில் மேளமும் மணியும் ஒலிக்கிறதே என்று கேட்டது நீதிமன்றம். ஒரு மதத்தை மட்டும் குறிவைத்துப் போனால் மனு எப்படி முடியும் என்பதற்கு அது பாடம்.

ஓம்விதி:
டெசிபல் பற்றி நான் சொல்கிறேன். குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45. வணிகப் பகுதி 65, 55. பொது இடத்தில் ஸ்பீக்கர் வைத்தால் அந்த இடத்தின் எல்லையில், பகுதி அளவோடு 10 சேர்த்த அளவு அல்லது 75, இரண்டில் எது குறைவோ அதுதான் உச்சவரம்பு. ஆகக் குடியிருப்புப் பகுதியில் பகலுக்கு 65. தனியார் இடம் என்றால் 5 மட்டுமே கூடுதல். அதாவது பகலில் 60, இரவில் 50.

இப்போது கூம்பின் கணக்கைப் பாருங்கள். சாதாரணக் கூம்பு ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டரில் சுமார் 107 டெசிபல் கொடுக்கும். 30 வாட் கொடுத்தால் 15 கூடி 122. தூரம் இரட்டிப்பாகும்போதெல்லாம் 6 குறையும். 100 மீட்டரில் மொத்தம் 40 குறைந்து 82. அதன் வாய் எந்த மாடியைப் பார்க்கிறதோ அந்த வீட்டுக்கு இந்த 82. கோபுரத்திலோ மினாராவிலோ கட்டியிருந்தால் இடையில் தடுக்கச் சுவர்கூட இருக்காது. மார்கழியில் இன்னொன்றும் சேரும். தரையோரக் காற்று குளிர்ந்து, மேலே வெதுவெதுப்பாக இருப்பதால் ஒலி மேலே போகாமல் வளைந்து கீழே இறங்கும். தெரு இரைச்சலும் இல்லாத நேரம். அதனால் பகலில் கேட்காத தெருவுக்கும் அப்போது கேட்கும்.

"வால்யூமைப் பாதியாகக் குறைத்துவிட்டோம்" என்பார்கள். வாட் பாதியானால் 3 டெசிபல்தான் குறையும், காதுக்கு லேசாகத்தான் தெரியும். பாதியாகக் குறைந்த மாதிரி தோன்ற வாட் பத்தில் ஒன்றாக வேண்டும். ஆகவே குமிழைத் திருகுவது தீர்வாகாது. கூம்பை இறக்கிவிட்டு, பிராகாரத்திலோ தொழுகைக் கூடத்திலோ சுவரில் 3 மீட்டர் உயரத்தில் சின்னப் பெட்டி ஸ்பீக்கர்கள் நான்கை உள்நோக்கிச் சாய்த்து மாட்டுவதுதான் வழி. பெட்டி ஒரு வாட்டுக்கு 88 கொடுக்கும். 8 மீட்டரில் நிற்பவருக்கு 70, தெளிவாகக் கேட்கும். 32 மீட்டர் தள்ளியிருக்கும் வீட்டுக்கு ஒரு பெட்டியிலிருந்து 58, நான்கும் சேர்ந்தாலும் 64 தாண்டாது, நடுவில் மதில் இருந்தால் இன்னும் குறைவு. ஒரு பெட்டிக்கு ஒரே ஒரு வாட், கவனியுங்கள்.

செல்போன் ஆப் சாட்சியாகாது. பேச்சுக்கென்று செய்த மைக், சத்தம் கூடினால் தானே அமுக்கிக் காட்டும். போனுக்குப் போன் பல டெசிபல் வித்தியாசம் வரும். அளவுத்திருத்தச் சான்றுள்ள ஒலிமானியில் மாசு கட்டுப்பாட்டு வாரியம் எடுத்தால்தான் பேசும். அதிலும் விதி கேட்பது நேரச் சராசரியை. ஒரு நொடி எகிறிய உச்சத்தைக் காட்டிப் பயனில்லை. மாதவரம் வழக்கிலேயே சத்தத்துக்குச் சபை மட்டும் காரணமில்லை, வாகன இரைச்சலும் உண்டு என்றுதான் ஆய்வில் வந்தது.

ஜெபக்கூடத்துக்குத் தனிச் சிக்கல். உள்ளே பெட்டி ஸ்பீக்கர் என்றால் "மூடிய அரங்கு" என்பார்கள். தகரக் கூரையும் திறந்த ஜன்னலும் இருந்தால் ஒலிக்கு அது மூடிய அரங்கே இல்லை. டிரம்ஸ், பேஸ் கிட்டார் சத்தம் மானியிலும் சரியாக வராது. மானியின் 'ஏ' எடை (மனிதக் காதின் உணர்வுக்கேற்ப அளவைத் திருத்தும் முறை) தாழ்ந்த சுருதியான 63 ஹெர்ட்ஸில் 26 டெசிபலைக் கழித்துவிடும். மானி 50 காட்டும், உங்கள் ஜன்னல் கண்ணாடி அதிரும்.

வாய்தா:
அதனால்தான் டெசிபலை நம்பி மனு எழுதாதீர்கள் என்பேன். விதி 7 புகாருக்கு இரண்டு வாசல் வைத்திருக்கிறது: அளவை 10 டெசிபலோ அதற்கு மேலோ தாண்டியிருக்க வேண்டும், அல்லது இரவுத் தடை மீறப்பட்டிருக்க வேண்டும். இரண்டாவதுக்கு மானியே வேண்டாம், கடிகாரம் போதும்.

பக்கத்தில் பள்ளிக்கூடம் இருக்கிறது, 100 மீட்டர் அமைதி மண்டலம் என்றும் எழுதிவிடாதீர்கள். 2017 திருத்தத்துக்குப் பிறகு அரசு தனியாக அறிவித்த இடம் மட்டுமே அமைதி மண்டலம்.

பழையமனு:
மனுவின் நடைமுறைக்கு வருகிறேன். சத்தம் வரும் நேரத்திலேயே 100க்கோ 112க்கோ அழையுங்கள், அழைத்த நேரம் பதிவாகும். அடுத்து மூன்று நாலு நாளுக்கான குறிப்பு ஒன்று தயார் செய்யுங்கள். வரி இப்படி இருக்கட்டும்: "தேதி, தொடங்கியது 4.32, முடிந்தது 6.10, வடக்குப் பார்த்த கூம்பு 2, இரண்டாம் மாடி உயரம்." பாட்டு என்ன, யார் பாடியது, எந்தச் சாமி எதுவும் வேண்டாம். வீடியோ எடுத்தால் போனில் மூலக் கோப்பை அழிக்காமல் வையுங்கள். வாட்ஸ்அப்பில் சுற்றிய பிரதி உதவாது. நாளை நீதிமன்றத்தில் கொடுக்க வேண்டி வந்தால் பாரதிய சாட்சிய அதினியம் (புதிய சாட்சியச் சட்டம்) பிரிவு 63 சான்றிதழில் அந்தக் கோப்பின் ஹாஷ் எண்ணையும் (கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும் குறியீடு) கேட்பார்கள்.

காவல் நிலையத்தில் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது (புகார் பெற்றதற்கான ஒப்புகை) வாங்காமல் வெளியே வராதீர்கள். நகலைக் கமிஷனருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். விதியில் சொல்லும் "அதிகாரி" என்பது கலெக்டர், கமிஷனர், அல்லது டி.எஸ்.பி.க்குக் குறையாத நியமிக்கப்பட்ட அதிகாரி. இன்ஸ்பெக்டரிடம் மட்டும் கொடுத்துவிட்டுக் காத்திருந்தால் பின்னால் உயர் நீதிமன்றத்தில் ரிட் (அதிகாரிகளுக்கு உத்தரவிடக் கேட்கும் மனு) போடும்போது "உரிய அதிகாரியை அணுகவில்லை" என்பார்கள். கையோடு ஒரு தகவல் உரிமை மனுவும் போடுங்கள். பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி, இந்த மூன்று முகவரிக்கும் விதி 5(1)படி அனுமதி உண்டா, இருந்தால் நகல் தருக என்று. 30 நாளில் பதில் தர வேண்டும்.

நடவடிக்கை இல்லையென்றால் ஆர்.டி.ஓ.விடம் (வருவாய்க் கோட்டாட்சியர்) பி.என்.எஸ்.எஸ். (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) பிரிவு 152, அதாவது பழைய சட்டத்தின் 133, பொதுத்தொல்லை நீக்கும் நிபந்தனை உத்தரவு கேட்கலாம். அதற்கும் பிறகுதான் உயர் நீதிமன்ற ரிட். தண்டனைப் பக்கம் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம்: பொதுத்தொல்லைக்கு பி.என்.எஸ். (புதிய தண்டனைச் சட்டம்) 292-இல் ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அவ்வளவுதான். சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் பிரிவு 15-இல் முன்பு ஐந்து ஆண்டு வரை சிறை இருந்தது. 2024 ஏப்ரல் 1 முதல் அதை எடுத்துவிட்டு 10 ஆயிரம் முதல் 15 லட்சம் வரை பண தண்டனை ஆக்கிவிட்டார்கள். இன்னும் பழைய நகலை வைத்து "ஐந்து வருஷம் உள்ளே போவீர்கள்" என்று கமிட்டியை மிரட்டுபவர்கள் இருக்கிறார்கள். செய்யாதீர்கள்.

செய்யக் கூடாதது இன்னும் இரண்டு. ஒயரைப் பிடுங்குவது, மின் இணைப்பை நிறுத்துவது: வழிபாட்டைக் குலைத்ததாக பி.என்.எஸ். 300 உங்கள் மேல் வரும். வாட்ஸ்அப் குழுவில் எரிச்சலில் ஒரு வரி மதத்தைப் பற்றி எழுதினால் 196 (பகைமையைத் தூண்டுவது), 299 (மத உணர்வைப் புண்படுத்துவது) வரும். புகார் கொடுத்தவர் குற்றவாளியாவது இப்படித்தான்.

தெருமுனை:
நன்றி. மூன்றுக்கும் சேர்த்து ஒரே மனுவா, தனித்தனியா? பெயர் வெளியே தெரியாமல் கொடுக்க முடியுமா? சங்கத்தில் பாதிப் பேர் கையெழுத்துப் போடத் தயங்குகிறார்கள்.

வாய்தா:
ஒரே மனு. "இந்த வார்டில் இரவு 10 முதல் காலை 6 வரை இயங்கும் எல்லா ஒலிபெருக்கியும்" என்று எழுதினால் மதச்சாயம் வராது.

பழையமனு:
இதில் நான் மாறுபடுகிறேன். "எல்லா ஒலிபெருக்கியும்" என்று எழுதினால் போலீஸ் ஒரு பொது அறிக்கை கொடுத்துவிட்டு கோப்பை மூடிவிடும். விதி 8-இன் கீழ் தடை உத்தரவு குறிப்பிட்ட ஆள் மேல், குறிப்பிட்ட இடத்துக்குத்தான் போட முடியும். உத்தரவை மாற்றவோ ரத்து செய்யவோ அவர் விண்ணப்பித்தால் நேரில் கேட்கவும் வேண்டும். எனவே முகப்பு மனு ஒன்று, இணைப்பு மூன்று. ஒவ்வொரு இணைப்பிலும் முகவரி, நிர்வாகி, நேரக் குறிப்பு. மூன்றையும் ஒரே நாளில் கொடுங்கள். ஒன்றை முன்னால் கொடுத்தால் கதை வேறு மாதிரி திரும்பும்.

பெயர் விஷயம்: பம்பாய் உயர் நீதிமன்றம் 2025 ஜனவரியில், புகார்தாரர் யாரென்று சரிபார்க்காமலே போலீஸ் நடவடிக்கை எடுக்க வேண்டும், அவர் அடையாளத்தை எதிர்த்தரப்புக்குச் சொல்லக் கூடாது என்றது. வேறு மாநில நீதிமன்றம் என்பதால் நமக்கு அது கட்டாயமில்லை, மேற்கோள் காட்டலாம். சங்கத் தலைப்பில் செயலாளர் கையெழுத்து மட்டும் போதும், முப்பது பேர் கையெழுத்து வேண்டாம். அந்தப் பட்டியல்தான் முதலில் வெளியே போகும்.

அச்சுவெல்லம்:
மனுவுக்கு முன் மூன்று கமிட்டியையும் நேரில் பார்த்துவிடுங்கள், ஓம்விதி போட்ட பெட்டிக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு. "நிறுத்துங்கள்" என்றால் நின்று பேசமாட்டார்கள். "கூம்பை இறக்கிப் பெட்டி மாட்டுவோம், செலவில் சங்கமும் பங்கு தரும்" என்றால் பேசுவார்கள். மார்கழி வீதி பஜனை மைக் இல்லாமல் வந்தால் அதை விட்டுவிடுங்கள். விதியின் எழுத்துப்படி ஜால்ராவும் மிருதங்கமும் இசைக்கருவிதான், இரவில் கூடாதுதான். அதையும் மனுவில் எழுதினால் தெருவே உங்களுக்கு எதிராக நிற்கும்.

ஓம்விதி:
கமிட்டி ஒத்துக்கொண்டால் பழைய கூம்பைக் கழற்றிக் கீழே இறக்கச் சொல்லுங்கள். ஒயரை மட்டும் எடுத்துவிட்டு மேலேயே விட்டால் அடுத்த திருவிழாவுக்கு யாராவது ஒருவர் ஏறி மாட்டிவிடுவார்.