ரொமான்ஸ் மொழிகள் வரைபடம்: பிரான்ஸ் மட்டும் வெள்ளையாக நிற்கிறது, உதவி தேவை

செந்தூல்காரன்
வணக்கம். கோலாலம்பூரில் ஒரு தமிழ்ப்பள்ளி மொழிக் கண்காட்சிக்கு, ரொமான்ஸ் மொழிகள் (பிரெஞ்சு, ஸ்பானிஷ், போர்ச்சுகீஸ் போல லத்தீனிலிருந்து பிறந்தவை) எங்கெங்கே பேசப்படுகின்றன என்று ஏ1 தாளில் வரைபடம் வேண்டும். க்யூஜிஐஎஸ் வரைபட மென்பொருளில் நேச்சுரல் எர்த்தின் 1:11 கோடி நாட்டு எல்லைக் கோப்பைப் போட்டு, எந்த நாட்டில் எந்த மொழி என்ற என் சிஎஸ்வி (அட்டவணைக் கோப்பு) பட்டியலை இணைத்தேன். பிரான்சுக்கு நிறமே ஏறவில்லை. கேப் வெர்டேயும் சாவோ தோமேயும் காணோம். தமிழ்ப் பெயர்கள் எல்லாம் கேள்விக்குறியாக வருகின்றன. அல்ஜீரியாவுக்குப் பிரெஞ்சு நிறம் கொடுக்கலாமா என்றும் சொல்லுங்கள்.

பினாங்கு வரைவாளர்
பிரான்ஸ் விஷயத்தில் தவறு உங்களுடையது இல்லை. அந்தக் கோப்பில் நாட்டுக் குறியீடு வரும் ஐஎஸ்ஓ_ஏ3 பத்தியில் பிரான்சுக்கும் நார்வேக்கும் -99 (குறியீடு இல்லை) என்றுதான் இருக்கும். ஏடிஎம்0_ஏ3 பத்தியை வைத்து இணையுங்கள், சரியாகிவிடும். நாட்டுப் பெயரை வைத்து மட்டும் இணைக்காதீர்கள். கினி (பிரெஞ்சு), கினி-பிசாவு (போர்ச்சுகீஸ்), எக்குவடோரியல் கினி (ஸ்பானிஷ், பிரெஞ்சு, போர்ச்சுகீஸ் மூன்றும்), பாப்புவா நியூ கினி (எதுவும் இல்லை) என்று நான்கு இருக்கின்றன. ஒரு எழுத்து பிசகினால் நிறம் இடம் மாறிவிடும். டொமினிக்காவும் டொமினிக்கன் குடியரசும் அதே வம்புதான்: முன்னது ஆங்கிலம், பின்னது ஸ்பானிஷ்.

காணாமல் போன தீவுகளுக்கு 1:5 கோடி கோப்பை எடுங்கள். 1:11 கோடியில் 177 நாடுகள்தான் உண்டு, சின்னத் தீவுகளை விட்டுவிடுவார்கள். ஆனால் கோப்பில் இருந்தால் மட்டும் போதாது. ஏ1 தாளில் உலகம் 800 மி.மீ. அகலம் என்றால், ஈக்குவல் எர்த் வரைவில் (உருண்டை உலகைத் தட்டையாக்கும் ஒரு முறை) 1 மி.மீ. கிட்டத்தட்ட 43 கி.மீ. சாவோ தோமே ஒரு மி.மீ. அளவுதான் இருக்கும், மக்காவ் கண்ணுக்கே தெரியாது. இவற்றுக்கு 3 மி.மீ. வட்டம் போடுங்கள். மென்பொருளில் இந்த வரைவின் குறியீடான இபிஎஸ்ஜி 8857 கொடுங்கள். மெர்கேட்டர் வரைவு வேண்டாம், கனடா வீங்கிப் பிரெஞ்சு நிறம் அளவுக்கு மீறித் தெரியும்.

கேள்விக்குறி வந்தால் அது என்கோடிங் (எழுத்தைக் கணினி சேமிக்கும் முறை) கோளாறு, கட்டம் கட்டமாக வந்தால் எழுத்துரு கோளாறு. எக்செலில் சேமிக்கும்போது "சிஎஸ்வி யூடிஎஃப்-8" தேர்வு செய்யுங்கள். ஏற்கெனவே கேள்விக்குறியாகச் சேமித்துவிட்டால் பழைய எழுத்து திரும்பாது, மறுபடி தட்டச்சு செய்யத்தான் வேண்டும்.

கிள்ளான் ஆசிரியர்
நிறம் பூசுமுன் எதைக் காட்டப் போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள் சார். அரசு மொழியா, புழங்கும் மொழியா, தாய்மொழியா? மொசாம்பிக்கில் போர்ச்சுகீஸ் அரசு மொழி, ஆனால் பெரும்பாலோருக்குத் தாய்மொழி அல்ல. அல்ஜீரியாவில் பிரெஞ்சு அரசு மொழியே அல்ல, ஆனாலும் ஊரெங்கும் கேட்கும். ஆகவே முழு நிறம் அரசு மொழிக்கு, வெளிர் நிறம் புழக்கத்துக்கு, பட்டைக் கோடு இரண்டு மூன்று மொழி கலந்த இடத்துக்கு. பழைய பட்டியலை நம்பாதீர்கள்: மாலி 2023 அரசியலமைப்பில் பிரெஞ்சை அரசு மொழி நிலையிலிருந்து இறக்கிவிட்டது.

தென் அமெரிக்கா முழுக்கப் பூசிவிடுவதும் வழக்கமான தப்பு. சூரினாமில் டச்சு, கயானாவில் ஆங்கிலம். பிரெஞ்சு கயானா பிரான்சின் பகுதி, அது பிரான்சோடு தானாக நிறம் வாங்கும். சுவிட்சர்லாந்து 8 மி.மீ. தான் வரும், அதனால் ஐரோப்பாவுக்குத் தனிச் சிறுபடம் போட்டு மாநில எல்லைக் கோப்பால் மொழிவாரியாகப் பிரித்துக் காட்டுங்கள்.

விளக்கக் குறிப்பில் "ரோமானிய மொழிகள்" என்று எழுதினால் பிள்ளைகள் ருமேனிய மொழியோடு குழப்புவார்கள். ரோமா மக்களின் மொழியான ரொமானி வேறு, அது நம் இந்தியப் பக்கத்து மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது.

செந்தூல்காரன்
பத்தியை மாற்றியதும் பிரான்ஸ் நிறைந்துவிட்டது, நன்றி. மலாக்காவில் பேசும் கிரிஸ்தாங் மொழிக்குப் போர்ச்சுகீஸ் நிறமே கொடுத்துவிடலாமா?

பினாங்கு வரைவாளர்
கொடுக்காதீர்கள். அது கிரியோல், அதாவது மொழிகள் கலந்து பிறந்த தனி மொழி. 1511-இல் போர்ச்சுகீசியர் மலாக்காவைப் பிடித்தார்கள், 1641-இல் டச்சுக்காரரிடம் இழந்தார்கள். அவர்கள் போன பிறகும் அந்தப் பேச்சு தங்கிவிட்டது. சொற்கள் பெரும்பாலும் போர்ச்சுகீஸ், இலக்கணம் அப்படி இல்லை. ஹைட்டி, மொரீஷியஸ் கிரியோல்களுக்கும், பிலிப்பைன்ஸ் சம்போவாங்காவின் ஸ்பானிஷ் கிரியோலான சாவகானோவுக்கும் போடும் அதே முக்கோணத்தை இதற்கும் போடுங்கள். முக்கோணத்தின் உள்ளே மூல மொழியின் நிறம் இருக்கட்டும்.

கிள்ளான் ஆசிரியர்
முக்கோணம் சரி, ஆனால் ஹைட்டிக்கு அது மட்டும் போதாது. அங்கே கிரியோலும் பிரெஞ்சும் இரண்டுமே அரசு மொழி. நாட்டுக்குப் பிரெஞ்சு நிறம் பூசி, மேலே முக்கோணம் வையுங்கள். மூலையில் இடம் மிஞ்சினால் ஒரு சின்னப் பெட்டி: போர்ச்சுகீஸ் "ஜனேலா", மலாய் "ஜென்டேலா", தமிழ் "ஜன்னல்".