வாக்கியத்தை நானே முடிக்க என்ன வழி?

எனக்குத் திக்குவாய். வயது 34, மதுரை, மருந்து மொத்த விற்பனைக் கடையில் பில்லிங் வேலை. 'ப', 'க' என்று தொடங்கும் சொற்களில் அடைத்துக்கொள்ளும். மூன்று நான்கு விநாடி பொறுத்தால் சொல் தானாக வந்துவிடும், அதைத்தான் யாரும் தருவதில்லை. ஓட்டலில் 'ப...' என்றதுமே "பொங்கலா, பூரியா?" என்கிறார்கள். நான் கேட்க வந்தது பணியாரம். பூரியைத் தின்றுவிட்டு வருகிறேன்.

அது போகட்டும். நான்கு மாதமாகப் புது மேலாளர். நல்ல மனிதர், அதுதான் சிக்கலே. உதவி என்று நினைத்து என் பேச்சை அவரே முடிக்கிறார், பாதி நேரம் தப்பாக. போன வாரம் "பத்துப் பெட்டி திரும்பி வந்துடுச்சு" என்று சொல்ல வாயெடுத்தேன். "பணம் வந்துடுச்சா, சரி" என்று போய்விட்டார். திருத்தப் போனால் திக்கல் இன்னும் கூடுகிறது.

பேச்சுப் பயிற்சி ஆறு மாதம் போனேன். நேரில் கொஞ்சம் தேவலை, போனில் பலனில்லை. கையைக் காட்டி நிறுத்தினேன், கோபம் என்று எடுத்துக்கொண்டார். வாட்ஸப்பில் எழுதினால் படிப்பதில்லை. ("மூச்சு விட்டு மெதுவா பேசு" மட்டும் வேண்டாம், பள்ளிக்கூடத்திலிருந்து கேட்கிறேன்.)

திக்குவாய் உள்ளவர்கள் சொல்லுங்கள்: "நான் முடிக்கிறவரை பொறுங்க சார்" என்பதை மேலதிகாரியிடம் அவர் மனம் கோணாமல் எப்படிச் சொன்னீர்கள்?